ஒருமுறை கட்டிய பணத்தை மறுபடியும் கட்டாதீர்கள்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஆய்வு மாணவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. முதுகலை, முனைவர் பட்டப் படிப்பு மாணவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் வசதிகள், செலவைக் குறைக்கும் வழிகள் ஆகியவை பற்றி அவர் பேசினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

செயலாளர் அங்கிள் லிஃப்டில் என்னைப் பார்த்து, "தீசிஸ் கொடுத்துட்டியாமே, பிள்ளைங்களுக்கு உபயோகமா ஒரு பத்து நிமிஷம் பேசேன்" என்றார். பத்து நிமிடத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் வளாகத்தில் நடந்த ஒரு விஷயம். எங்கள் பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் எட்டு மாதம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஆர்.ஓ. பிளான்ட் இருப்பதும், அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாம் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. எட்டு மாதம் ஒரே தண்ணீருக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார்கள்.

மேற்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் பலருடைய நிலை இதுதான். கல்லூரிக்குக் கட்டணம் கட்டியாகிவிட்டது. நாம் கட்டும் வரியிலிருந்து அரசாங்கமும் அவர்களுக்காகச் செலவு செய்துவிட்டது. அப்படிக் காசு கட்டி வாங்கி வைத்திருக்கும் பொருளையே பிள்ளைகள் வெளியே போய் மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விவரம்.

ஒரு கணக்கு நோட்டு

நான் 2019-ல் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவள் ஒருத்தி, விருதுநகர் பக்கத்துக் கிராமத்துப் பெண். என்னைவிட நன்றாகப் படிப்பாள். உதவித்தொகை கிடையாது. அவள் அண்ணன் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மாதாமாதம் பணம் அனுப்புவார். அந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பாள். டீக்குக்கூட.

2021 தொடக்கத்தில் அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனாள். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, இனியும் கேட்க முடியாது என்றாள். போவதற்கு முன்பு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். சாப்பாடு, பஸ், அறை வாடகை நீங்கலாக, "படிப்புச் செலவு" என்று அவள் எழுதியிருந்ததில் ஐந்து வரிகள் என் மனதில் அப்படியே நிற்கின்றன.

ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் வாங்கியது ₹5,400. புள்ளிவிவரம் கணக்கிட்டுக் கொடுத்த சென்டருக்கு ₹9,000. ஆங்கிலம் திருத்தும் மென்பொருளின் வருடச் சந்தா ₹4,600. நகல் சோதனை ₹1,500. கட்டுரை வெளியிட ஓர் ஆய்விதழுக்கு ₹6,500. மொத்தம் 27,000 ரூபாய்.

இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட அவள் பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அது எனக்கும் அப்போது தெரியாது. பின்னால் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். 27,000 ரூபாய் இருந்திருந்தால் அவள் படிப்பை முடித்திருப்பாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது அவளுடைய ஐந்து மாத அறை வாடகை. இங்கே பேசப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "என் பேரைச் சொல்லாதே, கணக்கை மட்டும் சொல்லு" என்றாள். அந்த ஐந்து வரிகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வரி: கட்டுரைகள்

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பதிப்பகத்தின் தளத்தில் தேடிப் போனால், முப்பது டாலர், நாற்பது டாலர் கேட்கும். கொரோனா ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் இப்படித்தான் வாங்கினாள். அதே இதழ்கள் பலவற்றுக்கு எங்கள் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தது. வளாகத்துக்குள் இருந்தால் தானாகவே திறக்கும். வீட்டிலிருந்து திறக்க நூலகத்தில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்க வேண்டும். அவ்வளவுதான். நாங்கள் இருவரும் நூலகருக்கு ஒரு மெயில்கூட அனுப்பவில்லை.

இப்போது நிலைமை இன்னும் நல்லது. "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு சுமார் 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. உங்கள் பிள்ளை அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படித்தால், நாளைக்கே நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள்: "ஒரே நாடு ஒரே சந்தா நமக்கு இருக்கிறதா? வீட்டிலிருந்து எப்படித் திறப்பது?" இந்த இரண்டு கேள்விகள் போதும்.

தனியார் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் இன்னும் வரவில்லை. அவர்களுக்கும் வழி இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் தலைப்பைப் போட்டால் கீழே "எல்லாப் பதிப்புகளும்" என்று ஓர் இணைப்பு வரும். அதில் பல நேரம் ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டு வைத்த இலவசப் பிரதி இருக்கும். அன்பேவால் என்று ஒரு சின்ன நீட்டிப்பு இருக்கிறது. பிரவுசரில் ஒருமுறை சேர்த்துவிட்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கே இருந்தாலும் அதுவே கண்டுபிடித்துக் கொடுக்கும். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் 1991 முதல் நடந்துவரும் ஆர்க்சைவ் இருக்கிறது.

இதில் எதிலும் கிடைக்கவில்லையா? கட்டுரை ஆசிரியருக்கே மூன்று வரி மெயில் போடலாம். நான் இப்படிப் பலருக்கு எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். தன் கட்டுரையை யாரோ படிக்க விரும்புகிறார்கள் என்றால் எந்த ஆய்வாளருக்கும் சந்தோஷம்தான்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் வேண்டுமென்றால் சோத்கங்கா தளம். உங்கள் தலைப்பில் முன்பு யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே அதில் பார்த்துவிட வேண்டும். தமிழ் இலக்கியம், வரலாறு படிப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எல்லாம் இருக்கின்றன. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால், தமிழ் எழுத்துகளையும் படித்துத் தட்டச்சாக்கித் தரும். பிழை இருக்கும், திருத்த வேண்டும். ஆனாலும் முழுதாகத் தட்டச்சு செய்யக் கொடுக்கும் செலவு மிச்சம்.

இரண்டாம் வரி: புள்ளிவிவர சென்டர்

பல்கலைக்கழகங்களைச் சுற்றி இப்படிச் சில கடைகள் இருக்கும். "டேட்டா கொடுங்க, டேபிள் போட்டுக் கொடுக்கிறோம்" என்பார்கள். அவள் 9,000 ரூபாய் கொடுத்தாள். நான் அதற்குப் பதிலாக விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதி ஒன்றை நண்பரிடம் வாங்கிக் கணினியில் போட்டேன். அதோடு வைரஸும் வந்தது. ஆறு வாரக் களப்பணித் தகவல்கள் திறக்க முடியாமல் போய்விட்டன. காகிதப் படிவங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் மறுபடியும் உட்கார்ந்து ஏற்றினேன். என் அம்மா ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார்.

தேவையே இல்லை. ஆர் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம், உலகம் முழுக்கப் புள்ளியியல் துறையினர் பயன்படுத்துவது. கட்டளை எழுதத் தயக்கமாக இருந்தால் ஜமோவி, பிஎஸ்பிபி. இரண்டிலும் மவுஸால் தேர்ந்தெடுத்தே வேலையை முடிக்கலாம். பொறியியல் பிள்ளைகளுக்கு ஆக்டேவ், சைலேப். வரைபட வேலைக்கு க்யூஜிஐஎஸ். எழுதுவதற்கும் அட்டவணைக்கும் லிப்ரே ஆஃபிஸ். சமன்பாடுகள் அதிகம் இருந்தால் லேடெக்ஸ். ஓவர்லீஃப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே தொடங்கலாம், ஆய்வேடு பெரிதானால் டெக்ஸ் லைவை நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

"யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்றால், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளம் இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குப் பத்து நிமிடப் பாடங்கள், பலதும் தமிழிலேயே. ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம். பாடம் கேட்கக் கட்டணம் இல்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம்.

இன்னொன்று. மேற்கோள் பட்டியல் தயாரிக்கவும் ஆள் வைத்துப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. சொடேரோ என்று ஓர் இலவச மென்பொருள் 2006 முதல் இருக்கிறது. படிக்கிற ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு கிளிக்கில் சேர்த்து வைக்கும். கடைசியில் துறை கேட்கும் வடிவத்தில் நூற்பட்டியலைத் தானே போட்டுக் கொடுக்கும். இணையத்தில் 300 எம்.பி. வரை இலவச இடம். அதற்கு மேல் போனால் பி.டி.எஃப்.களை நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம், காசு கட்ட வேண்டியதில்லை. முதல் நாளே தொடங்க வேண்டும். நான் மூன்றாம் வருடம் தொடங்கி, பழையதை எல்லாம் சேர்க்க ஒரு மாதம் கஷ்டப்பட்டேன்.

மூன்றாம், நான்காம் வரிகள்: சந்தாவும் நகல் சோதனையும்

ஆங்கிலம் திருத்தும் மென்பொருளை அவள் ஏழு நாள் இலவசம் என்று சேர்ந்தாள். எட்டாம் நாள் வருடச் சந்தா கழிந்துவிட்டது. இலவச முயற்சி என்று கார்டு எண்ணோ யுபிஐ அனுமதியோ கேட்டால், அன்றைக்கே காலண்டரில் முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் குறித்து வையுங்கள். இன்று இரவே உங்கள் யுபிஐ செயலியில் "ஆட்டோபே" பகுதியைத் திறந்து பாருங்கள். இது மாணவர்களுக்கு மட்டும் இல்லை, இங்கே இருக்கும் எல்லோருக்கும். நான் என் அப்பாவின் போனில் பார்த்தபோது, அவர் மறந்தே போன இரண்டு சந்தாக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எதையும் வாங்குவதற்கு முன், கல்லூரி கொடுத்த மெயில் முகவரியைப் போட்டுப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ், ஆட்டோடெஸ்க், நிரல் எழுதுபவர்களுக்கு கிட்ஹப் மாணவர் தொகுப்பு என்று பலதும் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த மெயிலை வருடத்துக்கு ஒருமுறைகூடத் திறக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நகல் சோதனை என்பது, ஆய்வேட்டில் வேறொருவர் எழுதியது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது. 2018-ல் யுஜிசி வகுத்த விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் நடவடிக்கை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அதனால் பிள்ளைகளுக்குப் பயம். வெளிக் கடையில் பணம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் சோத்சுத்தி என்ற திட்டத்தில் 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கான மென்பொருள் கொடுக்கப்பட்டிருக்கிறது. நூலகத்தில் கேட்டால் பார்த்துத் தருவார்கள். மூன்று வருட உழைப்பை முகம் தெரியாத கடையின் கணினியில் ஏற்றிவிட்டு வருவதில் இருக்கும் ஆபத்தையும் யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் வரி: அந்த 6,500 ரூபாய்

இதில் நானும் கூட்டு. ஒரே இதழில் இருவரும் பணம் கட்டினோம். அப்போது ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஆய்வேடு கொடுக்க முடியும் என்பது விதி. மெயில் வந்தது: "மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு" என்று. டாக்டர் ஆவதற்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது! அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்றார்கள். ஒரு எழுத்துப் பிழையைக்கூட யாரும் சுட்டிக்காட்டவில்லை. பணம் கட்டினோம், வந்தது.

என் நெறியாளர் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. "இதைக் கணக்கில் எடுத்துக்க மாட்டாங்கம்மா" என்றார். சரி, திரும்பப் பெற்று வேறு இதழுக்கு அனுப்பலாம் என்று எழுதிக் கேட்டோம். திரும்பப் பெறுவதற்கு அதைவிட அதிகக் கட்டணம் கேட்டார்கள். ஒருமுறை வெளிவந்துவிட்ட கட்டுரையை நல்ல இதழ்கள் எடுக்காது. ஆகவே போனது 6,500 ரூபாய் மட்டும் இல்லை. ஒன்றரை வருட வேலை. அவள் படிப்பை விட்டதற்குப் பணம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

உண்மை என்னவென்றால், நல்ல ஆய்விதழ்கள் பலவற்றில் வெளியிட ஆசிரியர் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். சந்தாவில் நடக்கும் இதழ்கள் பொதுவாகக் கேட்பதில்லை. திறந்த அணுக்கம் உள்ளவற்றிலும் கட்டணம் இல்லாதவை நிறைய. டி.ஓ.ஏ.ஜே. என்ற அட்டவணைத் தளத்தில் "கட்டணம் இல்லை" என்று வடிகட்டித் தேடலாம். யாராவது "நாங்கள் யுஜிசி கேர் பட்டியலில் இருக்கிறோம்" என்று இப்போது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. அதுமட்டுமல்ல, 2022 நவம்பரில் வந்த புதிய பி.எச்டி. விதிகளில் கட்டுரை வெளியீடு கட்டாயம் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தாங்களாகக் கேட்கலாம். உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவசரத்தில் பணம் கட்ட வைப்பதே இவர்கள் தொழில்.

வரவு பக்கம்

செலவைச் சொன்னேன், வரவையும் சொல்ல வேண்டும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் ₹37,000, பிறகு ₹42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்பவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வழியாக மாதம் ₹12,400. இவை தவிர தேசிய உதவித்தொகைத் தளத்தில் பல திட்டங்கள் இருக்கின்றன. அதில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் அது மோசடி.

ஆனால் உதவித்தொகை சம்பளம் போல ஒன்றாம் தேதி வராது. கல்வி நிறுவனம் மாதாமாதம் உறுதிப்படுத்தி அனுப்பினால்தான் வரும். அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் போனால் நமக்கு இரண்டு மாதம் தள்ளும். எனக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. அந்த ஏழு மாதமும் என் அப்பா, ஓய்வுபெற்றவர், ஒன்றும் கேட்காமல் கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் எங்கிருந்து எடுத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன்: உதவித்தொகை வரும் மாதத்தில் முதல் வேலையாகக் கொஞ்சம் தனிக் கணக்கில் ஒதுக்கி, மூன்று மாதச் செலவு சேரும்வரை தொடாதீர்கள். உறுதிப்படுத்தும் தேதியை நாமே நினைவு வைத்து அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டும். வெட்கப்பட்டால் பணம் வராது.

பயணத்தில் மிச்சம் பிடிக்கலாம். மாணவர்கள் ஊருக்குப் போகவும், 35 வயது வரை உள்ள ஆய்வாளர்கள் ஆய்வு வேலையாகப் போகவும் ரயிலில் ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பில் சலுகை உண்டு. நிறுவனத் தலைவரின் சான்றிதழோடு கவுண்டரில் வாங்க வேண்டும், ஆன்லைனில் கிடைக்காது. சென்னை மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு மாணவர் பாஸ் அல்லது ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ்.

படிக்க இடம் இல்லை என்று மாதக் கட்டணம் கட்டி ஸ்டடி ஹால்களில் சேர்கிறார்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே அங்கே தனிப் பகுதி இருக்கிறது. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா இருக்கிறது.

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன், பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். ரிச்சி தெருவில் அரை மணி நேர வேலை. என் ஆய்வேடு முழுவதும் அப்படி மாற்றிய ஒன்பது வருடப் பழைய லேப்டாப்பில் எழுதியதுதான்.

கேட்கப்பட்ட கேள்விகள்

பேச்சுக்குப் பின் ஏ பிளாக்கைச் சேர்ந்த, வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் கல்விக் கடன் பற்றிக் கேட்டார்.

"அங்கிள், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன். 2024 நவம்பரில் ஒப்புதலான பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஜாமீனும் பிணையும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ளவர்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் மூன்று சதவீத வட்டி மானியம். கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரியில் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

"பெற்றோருக்கு இன்னொன்று. ஓர் இடத்தில் சேர்த்துவிட்டு, பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால், கட்டிய பணம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். 2018 அக்டோபரில் யுஜிசி வெளியிட்ட அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும், அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதமும், கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80 சதவீதமும், முப்பது நாளுக்குள் 50 சதவீதமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமாகவும் அறிவிக்கும். விலகல் கடிதத்தைத் தேதியோடு மெயிலில் அனுப்புங்கள்."

டி பிளாக் ஆன்ட்டி ஒருவர், தன் மகன் எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவைக் கேட்பதாகவும், அதற்கு மாதச் சந்தா கட்டலாமா என்றும் கேட்டார்.

"இலவசப் பதிப்பே பெரும்பாலும் போதும் ஆன்ட்டி. புரியாத பகுதியை விளக்கச் சொல்லலாம், நிரலில் பிழை தேடலாம். ஆனால் மேற்கோள் கேட்டால், இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், வருடம் எல்லாம் போட்டு உண்மை போலவே கொடுத்துவிடும். அது கொடுக்கும் ஒவ்வொரு மேற்கோளையும் கூகுள் ஸ்காலரில் தேடி, கிடைத்தால் படித்து, அதற்குப் பிறகு சேர்க்கச் சொல்லுங்கள்."

"இதெல்லாம் என் பேத்திக்குத் தெரிந்திருக்காதா?" என்று முன்வரிசையில் இருந்த தாத்தா கேட்டார்.

"தெரிந்திருக்கலாம் தாத்தா. ஆனால் கேட்டுப் பாருங்கள். நானும் தெரிந்த மாதிரிதான் இருந்தேன். எங்கள் வகுப்பில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ள எல்லோருக்கும் கூச்சம்."

நிறைவாக

நம் வளாகத்தில் மேற்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. வாடகைக்குச் சேர்ந்து தங்கியிருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் சொல்ல ஆள் இல்லை. சங்கத்திடம் மூன்று விஷயம் கேட்கிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்து அறை மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது, அதை இரவு பத்து மணி வரை படிக்கத் திறந்து விடுங்கள். அலுவலகப் பிரிண்டரில் அடக்க விலைக்குப் பக்கம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள். வீடுகளில் அலமாரி மேல் கிடக்கும் பழைய லேப்டாப்களைக் கொடுங்கள், சரிசெய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் தோழி இப்போது ஊரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறாள். பகுதிநேர பி.எச்டி. சேரலாமா என்று போன மாதம் கேட்டாள். "முதலில் நூலகருக்கு ஒரு மெயில் போடு" என்றேன். சிரித்துவிட்டு, புது நோட்டு ஒன்று வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.



சங்கத்தின் அறிவிப்பு: செயற்குழு மேற்கண்ட மூன்று கோரிக்கைகளையும் ஏற்றுக்கொண்டது. அலுவலகத்தை ஒட்டிய அறை திங்கள் முதல் சனி வரை மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை படிக்கும் அறையாகத் திறந்திருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் தாராளமாக வரலாம். பழைய லேப்டாப் கொடுக்க விரும்புவோர், தங்கள் சொந்தத் தகவல்களை அழித்துவிட்டு, சார்ஜருடன் அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதுவரை நான்கு வந்திருக்கின்றன.